உன் பிள்ளை கேட்கும்போது



லீவுக்கு என் இரண்டு பிள்ளைகளையும் நான் பிறந்த கோவளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடலைக் கண்டதும் சின்னவன் அலையில் குதித்து ஆடினான். எட்டு வயது மூத்தவளோ, "அப்பா, தாத்தாவோட கட்டுமரம் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"வாம்மா, சுண்டல் வாங்கலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த சுனாமியில் அந்தக் கட்டுமரமும் வலையும் போய்விட்டன. எங்களுக்கு உயிர் மட்டும் மிஞ்சியது. அப்பா மறுபடியும் கடன் வாங்கிக் கடலுக்குப் போனார். நானோ பயந்துபோய் ஊரைவிட்டே ஓடினேன். இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

அன்று ராத்திரி யோசுவா 4-ம் அதிகாரத்தை வாசித்தேன். யோர்தானைக் கடந்த ஜனங்களை, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவரச் சொன்னார் கர்த்தர். ஏன்? பின்னாளில் பிள்ளைகள் கேட்டால் தகப்பன்மார் பதில் சொல்வதற்காக! கல்லு பேசாது, சகோதரரே. தகப்பன்தான் வாயைத் திறக்கணும்.

விடிந்ததும் பிள்ளைகளை மணலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஓடினதையும் மறைக்கவில்லை. மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப திரும்பி வந்துட்டீங்கல்லப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் 20 வருஷக் கூச்சம் கரைந்தது.

பிரியமானவர்களே, ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு அலையை மட்டும் காட்டாதீர்கள். கர்த்தர் உங்களைக் கரையேற்றின இடத்தையும் காட்டுங்கள். ஆமென்.