அளவையும் அறமும்

தசைகளை நாள்தோறும் நீட்டி வருதல் மூட்டுகளின் நெகிழ்ச்சியை மிகுவிக்குமா என்னும் வினா, இயன்மருத்துவமோ விளையாட்டு விஞ்ஞானமோ பயிலும் மாணவர் பெரிதும் விரும்பித் தெரிந்தெடுக்கும் ஆய்வுப் பொருளாகும். செலவு குறைவு; கருவி எளிது; பரிசோதனைக்கு உட்படச் சக மாணவரே போதும். 20 பேரை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினர் மட்டும் 6 கிழமைகள் பின்தொடைத் தசையை 30 செக்கன் நீட்டி வர, தொடக்கத்திலும் முடிவிலும் இரு குழுவினரையும் அளந்து ஒப்பிடுவர். 30 செக்கன் என்ற கணக்கும் ஆராய்ந்து கொள்ளப்பட்டதே. 1994இல் பாண்டி, ஐரியன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், 30 செக்கன் நீட்டியோர் 60 செக்கன் நீட்டியோருக்குக் குறையாத பயனைப் பெற்றிருந்தனர்.

இத்துணைச் சிறிய முயற்சியில் அறவினா எங்கே எழுகிறது? மருந்து ஏற்றப்படவில்லை, கத்தி வைக்கப்படவில்லை. 1947ஆம் ஆண்டின் நியூரம்பேர்க் நெறிமுறை எக்கொடுமைகளை முன்னிட்டு எழுந்ததோ, அவற்றுக்கும் பாய் விரித்துக் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு மாணவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை எனவே தோன்றும். சம்மதப் படிவத்தில் ஒப்பம் பெற்றதோடு கடமை தீர்ந்தது என எண்ணுவோர் பலர்.

ஆயின் அளவீடு நிகழும் முறையைச் சற்று அணுகி நோக்குதல் வேண்டும். படுத்திருப்பவரின் முழங்கால் மடங்காவண்ணம் ஒருவர் அவர் காலை மெல்ல உயர்த்துகிறார். இன்னொருவர் இடுப்பு மூட்டில் கோணமானியை வைத்துப் பாகையைக் குறிக்கிறார். காலை எவ்விடத்தில் நிறுத்துவது? என்போடு என்பு முட்டி அது நிற்பதில்லை. உயர்த்துபவர் கையில் தட்டுப்படும் இறுக்கத்தைச் சிலர் எல்லையாகக் கொள்வர். பெரும்பாலும் படுத்திருப்பவர் "போதும்" என்னும்போதே கால் நிற்கிறது.

அச்சொல்லின் கனத்தை உடற்றொழிலியலே பின்னர் உணர்த்தியது. சில கிழமைகள் நீட்டற் பயிற்சி செய்தோரிடத்து, ஒரே கோணத்தில் தசை காட்டும் எதிர்ப்புப் பெரிதும் மாறாதிருக்க, அவர்கள் பொறுக்கக்கூடிய இழுவையே கூடியிருந்ததை மக்னுசன் முதலியோர் 1990களில் கண்டனர். வெப்லரும் மக்னுசனும் 2010இல் எழுதிய கட்டுரையும் இதையே வற்புறுத்திற்று. தசை நீண்டது என்பதைவிட, "போதும்" என்னும் சொல் பிந்தியது என்பதே பொருத்தம் போலும்.

அங்ஙனமாயின் கோணமானி தசையை மட்டும் அளக்கவில்லை. ஒரு மனிதனின் இசைவையும் அளக்கிறது. அவ்விசைவில் நாணமும் போட்டியும் நட்பும் கலந்துள்ளன. தான் எக்குழுவினன் என்பதை ஆறு கிழமை கால் நீட்டியவன் அறியாதிருத்தல் இயலாது. தோழியின் ஆய்வு வெற்றி பெறட்டும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பாகை மிகுதியாகப் பொறுத்திருப்பான். காலை உயர்த்தும் கையிலும் ஆசை உண்டு. 1963இல் றொசந்தாலும் ஃபோடும் வெளியிட்ட ஆய்வில், 12 மாணவரிடம் எலிகள் ஒப்படைக்கப்பட்டன. சில புத்திக்கூர்மை மிக்கவை, சில மந்தமானவை என்று சொல்லப்பட்டபோதிலும் அவற்றிடையே உண்மையில் வேறுபாடு இல்லை. எனினும் கூர்மையுள்ளவை எனப்பட்டவையே நன்கு கற்றதாக அளவீடுகள் காட்டின. அம்மாணவரைப் பொய்யர் என்று கூறுதல் தகாது. எதிர்பார்ப்பே அவர்தம் கைகளில் வேலை செய்தது.

தமிழ்த் தருக்க மரபு 'அளவை' என்னும் சொல்லால் அறியும் வாயிலைக் குறித்தது. காண்டல், கருதல், உரை என மூன்றைச் சைவசித்தாந்திகள் சிறப்பாகக் கொண்டனர். கோணமானியிற் பாகையைப் படித்தல் காண்டலே. அக்காண்டலோ நம்பத்தகுந்த ஒருவரின் உரையில் தொங்கி நிற்கிறது. பாயிற் கிடக்கும் மாணவனே இங்கு அவ்வுரைக்கு உரியவன். "இன்னுங் கொஞ்சம்" என்று அவனை வற்புறுத்தும் கை, அவன் உடலின்மீதுள்ள உரிமையை மீறுகிறது. அதே கணத்தில் தான் தேடிவந்த உண்மையையும் கெடுத்துக்கொள்கிறது. படிவத்தில் ஒருமுறை பெற்ற ஒப்பம் இவ்விடத்தில் உதவாது. சம்மதம் ஒவ்வொரு முறையும் கால் உயரும்போது புதிதாகக் கேட்கப்படுகிறது. புதிதாக மறுக்கவும் படலாம்.

தசைவலுவை அளக்கும்போது ஊக்கச் சொற்கள் கூறப்படுவதில்லையா என ஒரு விரிவுரையாளர் வினவலாம். கூறப்படுகின்றன. ஆயின் அங்கு முழு முயற்சியே அளக்கப்படுவது; அனைவருக்கும் ஒரே சொற்கள், ஒரே முறையில். இங்கோ நிறுத்தும் சொல்லே அளவு.

பழியை மாணவர்மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று. குழுவுக்குப் பத்துப் பேரைக் கொண்ட ஆய்வில் சில பாகை வேறுபாடு தெளிவாகப் புலப்படாது போதல் இயல்பே. "வேறுபாடு காணப்படவில்லை" என்று எழுதிய ஆய்வறிக்கைக்குக் குறைந்த புள்ளி வழங்கும் துறை, அடுத்த வகுப்பினரின் கைகளை இன்னும் சற்று உயர்த்தத் தூண்டுகிறது. காலை உயர்த்துபவருக்கும் கோணமானியைப் படிப்பவருக்கும் குழுவின் பெயரை மறைத்துவைத்தல் பெருஞ் செலவுள்ள காரியமன்று. முந்திய அளவுத்தாளை மூடிவைத்தலும் அத்தகையதே. ஆறாங் கிழமையில் ஒருவன் முதல்நாளைவிடக் குறைந்த பாகையிலேயே "போதும்" என்றானாயின், கால் அங்கேயே நிற்க, அந்த எண்ணே தாளில் ஏறவேண்டும்.