பட்டியலில் அடித்துவிட்ட இடங்கள்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வால்பாறைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. முழங்கால் வலியோடு அத்தையும் வருகிறார். பார்க்க வேண்டிய இடங்களைக் கணவர் ஒரு தாளில் எழுதினார்: சோலையாறு அணை, நீரார் அணை, சின்னக்கல்லாறு, நல்லமுடிப் பூஞ்சோலை, பாலாஜி கோயில், போதாததற்கு ஒரு நாள் மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போய்த் திரும்புவது. எல்லாமே நல்ல இடங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நான் அடித்துவிட்டேன்.

"இவ்வளவு தூரம் போய் எதையும் பார்க்காமல் வருவதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் யோசிக்கப் போய், பிள்ளைகளோடு நாங்கள் எப்படி நாளைக் கழிக்கிறோம் என்பதையே யோசிக்க வேண்டியதாயிற்று.

முதுமலை மாதிரியான இலையுதிர் காட்டில் வண்டியில் போனபடியே மான் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். வால்பாறையின் மழைக்காடு அப்படிக் கண்ணில் படாது. மரங்கள் நூறு அடிக்கு மேல் போய், உச்சியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. சோலைமந்தி, மலையணில், இருவாச்சி எல்லாம் வாழ்வது அந்த உச்சியில்தான். வேகமாகக் கடந்து போகிறவருக்குப் பச்சை நிறம் ஒன்றுதான் தெரியும். ஓரிடத்தில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் முதலில் ஒரு கிளை ஆடும், பிறகு இன்னொன்று ஆடும், அப்புறம்தான் சோலைமந்தியின் சாம்பல் பிடரி சூழ்ந்த கறுத்த முகம் தெரியும். அந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லை. அதைப் பார்க்க அடர்காட்டுக்குள் நடக்கவும் வேண்டாம். வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில், சாலையோரத்திலேயே ஒரு கூட்டம் அடிக்கடி தென்படும். காலையில் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் என் திட்டம். வந்தால் பார்ப்போம்.

இருவாச்சியை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். அதன் சிறகுகளின் அடிப்பகுதியை மூடும் சிறு இறகுகள் போதிய அளவு இல்லாததால், ஒவ்வொரு அடிப்புக்கும் காற்று இடுக்குகளில் புகுந்து பெரிய ஓசை எழுப்பும். பறவை கண்ணுக்குத் தெரியுமுன் சத்தம் வந்துவிடும். தை, மாசியில் பெட்டை மரப்பொந்துக்குள் போய், சின்னப் பிளவு ஒன்றை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஆண் பறவை அத்திப்பழமும் பிறவும் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். பெரியவளிடம் இதைச் சொன்னபோது, "அப்பா பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே போகலாம் என்று எனக்குத் தோன்றியது. கூட்டைத் தேடிக்கொண்டு யாரும் அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது என்பது இப்போது அவளுக்கே தெரியும்.

சின்னவன் விஷயம் வேறு. அவன் அண்ணாந்து பார்க்கிற வயதில் இல்லை. எந்த இடத்துக்குப் போனாலும் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்ப்பான். "வாடா, நேரமாச்சு" என்று அவன் கையை நாங்கள் இழுக்காத நாளில்லை. ஆனால் மழைக்காட்டின் பெரிய வேலைகளில் பாதி தரையில்தான் நடக்கிறது. அங்கே சத்தெல்லாம் மண்ணின் ஆழத்தில் சேர்ந்து கிடப்பதில்லை. மரங்களிலும், தரையில் உதிர்ந்து மக்குகிற இலைகளிலும் இருக்கிறது. விழுந்த இலையைப் பூஞ்சையும் கறையானும் மரவட்டையும் சிதைக்க, மேலாகப் படர்ந்த வேர்கள் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டையை ஒரு நாலு வயதுப் பையன் கால்மணி நேரம் பார்ப்பான் என்றால், நூறடி மரம் எப்படி நிற்கிறது என்பதன் அடியிலிருந்தே அவன் தொடங்குகிறான். அந்தக் கால்மணி நேரத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டுமானால் பட்டியலில் ஓர் அணையாவது போயாக வேண்டும். அணை எங்கும் போய்விடாது.

குழந்தையின் வேகமும் முழங்கால் வலிக்கிற அத்தையின் வேகமும் அந்தக் காட்டின் வேகத்தோடு ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாமல் தனியாக ஓடுகிறவர்கள் நானும் கணவரும்தான். ஊரில் பள்ளி வேன், அலுவலகம், டியூஷன் என்று எங்கள் ஓட்டத்துக்கு அவர்களை இழுத்துக்கொண்டே இருக்கிறோம். அங்கேயாவது நாங்கள் அவர்களுக்குப் பின்னால் நடக்கலாமே. "மரத்தப் பாக்கறதுக்கு அத்தன தூரம் போகோணுமா கண்ணு?" என்று அத்தை கேட்டார். போகோணும் அத்தை, அங்கே போனால் உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டோம் என்றேன்.

வழியையும் அப்படியே பிரித்திருக்கிறோம். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட வைத்துப் பிள்ளைகளை ஒரே மூச்சில் மேலே ஏற்றுவது கொடுமை. முதல் நாள் பொள்ளாச்சியில் தங்கி, காலையில் ஆளுக்கு இரண்டு இட்லியோடு கிளம்பி, வளைவுகளுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் போவோம். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை கீழே விரிந்து தெரியும். பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்பதும் உண்டு. சின்னவன் அங்கே அரைமணி நேரம் இருப்பேன் என்றால் இருக்கட்டும். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தால் போதும்.

தென்மேற்குப் பருவமழையில்தான் அந்தக் காடு முழு உருவத்தில் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் விடாத மழையில், காயாத துணியோடு, அட்டைக்கடியோடு நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. தையில் குளிர் இருக்கும், மழை அநேகமாக இருக்காது, அட்டையும் குறைவு. அப்படியே ஒன்று ஏறினாலும் கடி வலிக்காது, ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாயிற்று. சொல்லாமல் விட்டால்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். நிதானமான பயணம் என்று சொல்லிவிட்டு, அடுப்பும் அரிசியும் துணி மூட்டையுமாக வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாடுவார்கள், ஆண்கள் இளைப்பாறுவார்கள், அவள் மட்டும் வேறு ஊரில் அதே சமையலைச் செய்துகொண்டிருப்பாள். அதனால் சமைத்துத் தருகிற ஆள் இருக்கும் தங்குமிடமாகக் கேட்டிருக்கிறேன். ரசமும் சோறும் அப்பளமும் போதும். காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது கணவர் பொறுப்பு. அவரும் மகிழ்ச்சியாகத்தான் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஒரு விதியில் தளர்வு கிடையாது. பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் வாசலுக்குக்கூடத் தனியே போகக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890களிலிருந்து அங்கே காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். மிஞ்சியது தேயிலைக்கு நடுவே நாற்பது துண்டுக் காடுகள் போல. யானையும் சிறுத்தையும் கரடியும் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு அங்கே பல ஆண்டுகளாக அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டுக் காட்டை மீட்டு வருகிறது. யானை எங்கே நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பவும், சாலையோரம் சிவப்பு விளக்கு எரியவும் ஏற்பாடு செய்திருக்கிறது. அப்படி ஒரு விளக்கு எரிந்தால் நாங்களும் வண்டியைத் திருப்பிவிடுவோம்.

சிறுத்தைக்கு அப்படி ஒரு விளக்கு கிடையாது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அருகே சிறு குழந்தைகள் சிறுத்தையால் இறந்திருக்கிறார்கள். இந்த மலையில் தேயிலை கிள்ள ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. நான் கதவைச் சாத்துவது ஒரு விடுமுறைக்கு மட்டும். அந்தத் தாய்மாருக்கு அது தினமும். பின்வாசலில் வெளிச்சம், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டிய இடம் என்று அவர்கள் கேட்பவை மிகச் சாதாரணமானவை. பெரியவள் லைன் வீடுகளைப் பார்த்துவிட்டு, இங்கே இருக்கிற பிள்ளைகள் சாயங்காலம் எங்கே விளையாடுவார்கள் என்று கேட்கத்தான் போகிறாள். கேட்டால், உள்ளபடியே சொல்வேன்.