ரத்தம் நீலமாகவா இருக்கிறது?

பொருள்களின் உறைகளை வடிவமைப்பது என் தொழில். மசாலாப் பொடி, சத்துமாவு, சோப்பு என்று சிறு நிறுவனங்களுக்கு இருபது ஆண்டுகளாக நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர், தாங்கள் தயாரிக்கும் நாப்கினுக்கு உறை வேண்டும் என்று கேட்டார்கள். வெளிர்நீலம், வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் ரோஸ். சந்தையில் எல்லோரும் போடும் சேர்க்கைதான். மாதிரியைக் கொண்டுபோய் அவர்கள் முன் வைத்தேன்.

குழுவில் மூத்த அக்கா ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ரத்தம் நீலமாவா இருக்கு? நல்ல செவப்புல போடக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் விளக்கினேன். சிவப்பு ஆபத்தின் நிறம், மிரட்டும். நீலம் நம்பிக்கை, வெள்ளை தூய்மை, ரோஸ் பெண்மை. இது நிறங்களின் மனோதத்துவம், மனித மனம் இப்படித்தான் வேலை செய்யும் என்றேன்.

"அப்ப குங்குமம்?" என்றார் அக்கா.

என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நீலம்தான் அச்சுக்குப் போனது.

அந்த ஒற்றைச் சொல் என்னை விடவில்லை. வெள்ளை என்றால் தூய்மை என்று அன்று அடித்துச் சொன்ன நான் யாருடைய பேத்தி? தாத்தா இறந்தபோது பாட்டிக்கு இருபத்தாறு வயது. அன்றிலிருந்து சாகும்வரை வெள்ளைச் சேலைதான். அவருக்கு அந்த நிறம் ஒரு தண்டனை. தேவாலயத்தில் மணப்பெண்ணுக்கு அதே நிறம் மங்கலம். கூறைச்சேலையின் சிவப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், அதைக் கட்டியவளின் உடலிலிருந்து வரும் சிவப்பைத் தீட்டு என்கிறோம்.

அழுத்தமான நிறம் கண்ணை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இழுக்கப்பட்ட கண் அதற்கு என்ன அர்த்தம் கொடுக்கிறது என்பதை ஊரும் காலமும் சொல்லித் தருகின்றன. வணிகமும் சொல்லித் தருகிறது. 1918இல் அமெரிக்காவின் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, ரோஸ் உறுதியான நிறம், ஆகவே ஆண் குழந்தைக்கு. நீலம் மென்மையானது, ஆகவே பெண் குழந்தைக்கு என்று எழுதியது. பிறகு அது தலைகீழானது. இன்று அந்தத் தலைகீழுக்கு விலையும் உண்டு. 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெண்களுக்கென்று விற்கப்பட்டவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலையில் இருந்தன.

நாப்கின் விளம்பரங்களில் எத்தனை ஆண்டுகளாக நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள்! 2017இல் பிரிட்டனில் பாடிஃபார்ம் நிறுவனம் தன் விளம்பரத்தில் சிவப்புத் திரவத்தைக் காட்டியபோது அதுவே செய்தியானது. இருக்கும் நிறத்தைக் காட்டியது செய்தியாகிறது என்றால், அதுவரை நாம் பழகியிருந்தது எதற்கு?

உறை கடைகளுக்கு வந்த பிறகு, நானே ஒரு பாக்கெட் வாங்கப் போனேன். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறங்கள் தெருவைப் பார்க்கவே இல்லை. அந்த உறையின் கடைசி நிறம் கறுப்பு. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் அது வருவதற்கு வழிவிடும் நிறங்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அப்படியானால் அன்று சிவப்பில் போட்டிருக்க வேண்டுமா? இந்த இடத்தில்தான் நான் தடுமாறுகிறேன். குழு வங்கியில் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறது. சிவப்பு உறை விற்காமல் தேங்கினால், வட்டி கட்டப்போவது அந்தப் பெண்கள். புரட்சிகரமான வடிவமைப்பு என்ற பெயர் வரப்போவது எனக்கு. அவர்கள் பிழைப்பை வைத்து என் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது.

யோசிக்க யோசிக்க, நீலத்தைக் கொடுத்ததைவிட, அதை மனித இயல்பு என்று சொன்னதுதான் என் தவறு என்று புரிந்தது. வழக்கத்தை இயற்கை என்று சொன்னேன். இயற்கை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. 'பொம்பளைன்னா இப்படித்தான்' என்று காலங்காலமாக நம்மிடம் சொல்லப்பட்டதை, படித்த மொழியில் நான் அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டது என் திமிர்.

இரண்டாவது அச்சுக்கு நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு மாதிரிகளோடு போனேன். "நீலம் விற்கும், ஏனென்றால் கண் பழகியிருக்கிறது. சிவப்பு விற்குமா என்று எனக்குத் தெரியாது. முடிவு உங்களுடையது" என்றேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். கடன் தவணை, கடைக்காரர், வீட்டு ஆண்கள், வயதுக்கு வந்த மகள்கள் எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. கடைசியில் நீலத்தையே வைத்துக்கொண்டார்கள். உதிரப்போக்கின் அளவைக் காட்டும் துளிகளை மட்டும் சிவப்பாக்கச் சொன்னார்கள்.

"இப்போதைக்கு இது போதும்மா" என்றார் அக்கா.