குறையைச் சொல்லும் கடன்

பழுதே வராத பொருளைச் செய்தவனை நம்புவதா, பழுது வந்ததும் அதைத் தானே முன்வந்து சொன்னவனை நம்புவதா? இந்தக் கேள்வி சில காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் ஒரு சொகுசுக் காரின் வரலாற்றில் கிடக்கிறது. கிராமத்துப் பாடசாலை ஆசிரியனுக்கும் சொகுசுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிக்கக் கூடும். என்னிடம் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். சம்பந்தம் காரில் இல்லை, முறைப்பாட்டில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜப்பானின் டொயோட்டா கம்பனி, உலகின் மிகச் சிறந்த கார்களோடு போட்டியிடக்கூடிய ஒரு காரைச் செய்யும் வேலையை 1983இல் தொடங்கியது. ஏறத்தாழ 450 மாதிரி வண்டிகளைச் செய்து, ஓட்டி, திருத்தி, கடைசியில் 1989 செப்டெம்பரில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்ற காரை அமெரிக்கச் சந்தைக்கு விட்டது. எஞ்சின் மூடியின் மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்து, சக்கரங்களை அசுர வேகத்தில் சுழல விட்டு, ஒரு கிண்ணமும் சரியவில்லை என்று காட்டிய விளம்பரம் அந்தக் காருடையதுதான். பழுதின்மையே அதன் பெயராக இருந்தது.

மூன்று மாதங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. வாடிக்கையாளர் இருவரிடமிருந்து முறைப்பாடுகள் வந்தன. வயர் இணைப்பில் ஒரு குறை, பிரேக் விளக்கு அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பவையே அவை. அதுவரை விற்பனையாகியிருந்தவை சுமார் 8,000 கார்கள். 8,000இல் இரண்டு என்பது கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் 1989 டிசம்பரில் அந்தக் கம்பனி தானாகவே முன்வந்து, விற்ற கார்கள் அத்தனையையும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. தொழில்நுட்பவியலாளர்கள் வீடுகளுக்கே போய்க் கார்களை எடுத்து வந்து, இலவசமாகத் திருத்தி, மீண்டும் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். தூரத்து ஊர்களில் இருந்தவர்களுக்காக ஆட்களை விமானத்தில் அனுப்பி, வாடகைக்குக் கராஜ் பிடித்தார்கள். 20 நாட்களில் வேலை முடிந்தது. புதிய பெயர் இதனால் கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நம்பிக்கை கூடியது.

விற்கும்போது தெரிந்த குறையை மறைக்கலாகாது என்று ஓதப் போன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் விற்கும்போது தெரியாமல், விற்ற பின்னர் தெரிய வந்த குறைக்கு என்ன கடன்? காசு கைமாறிவிட்டது. பொருள் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கியவனுக்குக் குறை இருப்பதே தெரியாது. அவனைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை ஒன்று இருப்பதாக உற்பத்தியாளர் முடிவுக்கு வந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். இந்தச் சட்டத்தின் அடியில் ஓர் அறநெறி இருக்கிறது. அறிவு கிடைத்த கணத்திலேயே பொறுப்பும் பிறந்துவிடுகிறது என்பதே அது.

இங்கு ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "அது அறமா, வியாபாரமா? புதிய பெயரைக் காப்பாற்றவல்லவா அவர்கள் ஓடித் திரிந்தார்கள்?" நியாயமான கேள்வி. ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரனைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். அனுபவமில்லாத வாடிக்கையாளனிடமும் அவன் விலையைக் கூட்டுவதில்லை. ஆனால் அவனது நேர்மை கடமை உணர்விலிருந்து வந்ததா, இலாபக் கணக்கிலிருந்து வந்ததா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. நேர்மையும் இலாபமும் ஒரே பாதையில் போகும்வரை நேர்மைக்குச் சோதனை இல்லை. பாதை பிரியும் இடத்தில்தான் மனிதன் தெரிவான்.

அந்தக் கம்பனிக்குப் பாதை பிரிந்த இடமும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. லெக்ஸஸ் ஈ.எஸ். 350 என்ற காரில் கால் விரிப்பு நகர்ந்து எக்ஸிலேட்டர் மிதியைச் சிக்க வைத்துவிடுகிறது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2007இல் சுமார் 55,000 விரிப்புகள் மட்டும் திரும்பப் பெறப்பட்டன. திருத்தத்தை இந்த அளவோடு மட்டுப்படுத்தியதால் 10 கோடி டொலருக்கு மேல் மிச்சமானது என்று, 2009 ஜூலையில் கம்பனியின் உள் ஆவணம் ஒன்று அதை வெற்றிகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அடுத்த மாதம், 2009 ஆகஸ்ட் 28ஆம் திகதி, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகருக்கு அருகில் ஒரு ஈ.எஸ். 350 கட்டுக்கடங்காமல் ஓடியது. ஓட்டியவர் நெடுஞ்சாலைப் பொலிஸ் அதிகாரி. வாகனம் ஓட்டத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தன் காரைத் திருத்தக் கொடுத்துவிட்டு, விற்பனை நிலையம் தற்காலிகமாகக் கொடுத்த காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று காருக்குள்ளிருந்து அவசர சேவைக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார் மோதியது. நால்வரும் இறந்தார்கள். வேறொரு ரகக் காருக்குரிய இறப்பர் விரிப்பு அந்தக் காரில் போடப்பட்டிருந்தது, எக்ஸிலேட்டர் மிதி அதில் சிக்கியிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சில நாட்களுக்கு முன் அதே காரை இரவலாக ஓட்டிய இன்னொருவர், எக்ஸிலேட்டர் விரிப்பில் சிக்கியது என்று விற்பனை நிலைய வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டே போயிருந்தார்.

ஒரு மனிதன் வந்து சொன்னான். அந்தச் சொல் மேசையைத் தாண்டிப் போகவில்லை.

அதன்பின் வந்தது வெள்ளம். 38 இலட்சம் வாகனங்களின் விரிப்புகளை எடுத்துவிடும்படி அறிவித்தல், 2010 ஜனவரியில் ஒட்டிக்கொள்ளும் மிதிக்காக இன்னும் 23 இலட்சம் வாகனங்கள், பெப்ரவரியில் கம்பனித் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டது, கடைசியில் 2014 மார்ச்சில் 120 கோடி டொலர் தண்டம். தண்டம் குறைக்காக அல்ல. குறையை மறைத்து மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக. 1989இல் இரண்டு முறைப்பாட்டுக்கு 8,000 கார்களை அழைத்த அதே கம்பனிதான் இது.

முறைப்பாடு செய்பவர் எப்போதும் சரியாகவே சொல்வார் என்று நான் வாதிடவில்லை. அதே விவகாரத்தில் இலத்திரனியல் கோளாறே காரணம் என்று பலர் உறுதியாக நம்பினார்கள். நாசா நிறுவனத்தின் பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தும் அப்படியொரு கோளாறைக் காணவில்லை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் அவுடி 5000 காருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கார் தானாகப் பாய்கிறது என்ற முறைப்பாடுகள் 1986இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பெரிதாக வெளிவந்தன. 1985இல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார் விற்ற அவுடி, 1991இல் சுமார் 12,000தான் விற்றது. ஆனால் 1989இல் வந்த அரசாங்க ஆய்வோ, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து எக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது. கம்பனிக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆயினும் அந்தப் பிழையான முறைப்பாட்டிலிருந்தும் ஒரு நன்மை விளைந்தது. பிரேக்கை மிதித்தாலன்றிக் கியரை நிறுத்த நிலையிலிருந்து மாற்ற முடியாதபடி ஒரு பூட்டை அவுடி 1987இல் தன் கார்களில் பொருத்திக் கொடுத்தது. இன்று ஒட்டோமெட்டிக் கார்களில் அது வழமையாகிவிட்டது. முறையிடுபவர் காரணத்தைப் பிழையாகச் சொல்லலாம். ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்பதை அவர்தான் முதலில் அறிகிறார். அவர் சொல்வதை ஏற்பது கடமையல்ல. எடுத்துப் பார்ப்பது கடமை.

இனி எனது முறைப்பாட்டுக்கு வருகிறேன்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி மூன்றாவது வருடம். ஆண்டுக் கடைசித் தவணைப் பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் பெயரை நான் எழுதிக் கொடுத்தாயிற்று. பரிசளிப்பு விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன. என் வகுப்பு மாணவன் ஒருவனின் வாப்பா, மேசன் வேலை செய்பவர், சீமெந்து ஒட்டிய கையோடு மகனின் விடைத்தாளை மடித்துக் கொண்டுவந்து வாசலில் நின்றார்.

"சேர், கோவிச்சிராதீங்க. கூட்டல்ல ஏதோ பிசகு எண்டு மகன் சொல்றான். ஒருக்காப் பாக்க ஏலுமா?"

"நான் ரெண்டு தரம் பார்த்துத்தான் போட்டது" என்றேன். தாளைக் கையில் வாங்கவும் இல்லை. அவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

விழா முடிந்த பிறகு ஒரு நாள், புள்ளிப் பதிவேட்டைச் சரிபார்க்கையில்தான் கண்டேன். ஒரு பக்கத்தின் 7 புள்ளிகளைக் கூட்டத் தவறியிருந்தேன். அவன்தான் முதலாவது. பரிசு இன்னொரு வீட்டு அலுமாரியில் இருந்தது. அதிபரிடம் சொன்னால் அவமானம். மற்றப் பிள்ளையின் மனம் உடையும். இப்படி எனக்கு வசதியான காரணங்களை எல்லாம் அடுக்கி, பதிவேட்டை மூடி வைத்தேன். பதினெட்டு வருடங்கள் மூடியே இருந்தது. பத்து கோடி டொலரை வெற்றி என்று எழுதி வைத்தவர்களை நான் கண்டிக்கும்போதெல்லாம், அந்த 7 புள்ளிகள் நினைவில் வந்து நிற்கின்றன. அளவு வேறு, காரியம் ஒன்றுதான்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மகன் கட்டாரில். அவருக்கு இப்போது முழங்கால் வருத்தம், சாரத்தில் ஏறுவதில்லை. தேநீர் வரும்வரை காத்திராமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் சேர். ஊட்டில வச்சிக் கூட்டிப் பாத்துட்டுத்தான் வந்த. பரிசு போனது பெரிசில்ல. நீங்க தாளக் கையில வாங்கல்ல, அதான் மகனுக்குக் கவல. அதுக்குப் பிறகு அவன் ஒரு தாளையும் கொண்டந்து காட்டல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வசனமே கூட வந்தது. பொருள் பழுதாகும், கணக்குப் பிழைக்கும். அவற்றைத் திருத்தலாம். ஆனால் குறை சொல்ல வந்தவனை ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டால், அடுத்த முறை அவன் வரமாட்டான். அவன் வராமல் போவதை எல்லாம் சரியாக இருப்பதன் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்வோம். அந்த அமைதியை நம்பித்தான் அந்தப் பையனுக்குப் பதினெட்டு வருடம் நல்ல வாத்தியாராக நான் என்னை நினைத்திருந்தேன்.

இந்தத் தவணை, விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளைகளிடம் சொன்னேன்: "வீட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிழை இருந்தால் நாளைக்குக் கொண்டுவாருங்கள்." மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். இருவர் சொன்னது பிழை. ஒருத்தி சொன்னது சரி.