மனிதனை மனிதனாக்குவது எது?



சர்க்கரை நோய்க்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளுகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த மருந்துக்கு மனித இன்சுலின் என்று பெயர். ஆயினும் அது எந்த மனிதனுடைய சரீரத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. மனித மரபணுவை ஒரு நுண்ணுயிருக்குள் புகுத்தி, அதைக்கொண்டே அப்புரதத்தைச் செய்விக்கிறார்கள். 1978-ல் விஞ்ஞானிகளுக்கு இது கைகூடிற்று. 1982-ல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

இவ்வழியிலேயே ஆராய்ச்சிச் சாலைகளுக்கென்று வேறு பல மனிதப் புரதங்களும் செய்யப்படுகின்றன. அவற்றுள் ஒன்று டிஸ்ட்ரோஃபின். தசையிழை சுருங்கி விரியும்போது அதன் மெல்லிய சவ்வு கிழிந்துபோகாதபடி, சவ்வையும் உள்ளேயுள்ள சட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது இதுவே. மலைக்காற்றில் தகரக் கூரை பறந்துபோகாமல் காக்கும் ஆணிக்கு இதை ஒப்பிடலாம். இது 3,685 அமினோ அமிலங்கள் கோத்த மிகப் பெரிய புரதம். ஆகையால் பெரும்பாலும் அதன் ஒரு பகுதியை மட்டும் செய்து, சிறு சீசாவில் அடைத்து, "மனிதப் புரதம், ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதி அனுப்புகிறார்கள்.

இப்புரதம் இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகள் உண்டு. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு வரும் இந்நோய்க்கு டுஷேன் தசைச்சிதைவு என்று பெயர். நாலைந்து வயதில் பையன் அடிக்கடி விழுவான். தொடையில் கையூன்றித்தான் எழுந்திருப்பான். பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுபோகும். நோயின் வேகத்தைத் தணிக்க மருந்துண்டு; முற்றும் குணமாக்கும் மருந்து இல்லை. மேடும் படியுமான நம் கோடைக்கானலில், அப்படிப்பட்டவனுக்குப் பூசைக்கு வருவதே மலையேற்றம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். சீசாவில் அந்தப் புரதம் இருக்கிறது. "மனித" என்ற சொல்லும் அதன்மேல் இருக்கிறது. சிறுவனிடமோ அது இல்லை. இவ்விரண்டில் மனிதன் எது?

சிறுவனே என்று உடனே விடை சொல்வீர்கள். அப்படியானால் மனிதனை மனிதனாக்குவது எந்தப் புரதமும் அன்று, கால் வலிமையும் அன்று. சர்வேசுரன் தமது சாயலாகப் படைத்த அழியாத ஆத்துமம் அவனிடத்தில் இருக்கிறது. சீசாவில் இருப்பது அவருடைய சிருஷ்டியின் ஒரு சிறு துணுக்கு மாத்திரமே.

ஆகையால் அந்தச் சீசாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நுண்ணுயிரைக்கொண்டு ஒரு புரதத்தைச் செய்வதால் எந்த மனிதனுக்கும் அநீதி நேரவில்லை. 1895-ல் செண்பகனூரில் கல்லூரி நிறுவிய சேசுசபைக் குருக்கள் இம்மலையின் செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்து பெயரிட்டு வைத்தார்கள். சிருஷ்டியை ஆராய்வது சிருஷ்டிகரை அவமதிப்பதாகாது.

அஞ்ச வேண்டியது நம் சொந்த நாவுக்குத்தான். "இவனைப் பள்ளிக்கு அனுப்பி என்ன லாபம்?" என்கிறோம். "வயிற்றில் இருக்கும்போதே தெரிந்திருந்தால்..." என்று இழுக்கிறோம். சீசாவுக்குத் தாராளமாய்க் கொடுத்த பெயரைச் சிறுவனுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம்!

தாயைப் பழிப்பது அதனினும் கொடிது. இம்மரபணு எக்ஸ் குரோமசோமில் இருப்பதால், தாய் தானே அறியாமல் இக்குறையைச் சுமந்திருக்கக்கூடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளிடத்தில் தாயிடம் இல்லாமலே குறை புதிதாகத் தோன்றுகிறது. இரண்டிலும் அவள்மேல் பாவமுமில்லை, சாபமுமில்லை. 1987-ல் அமெரிக்காவில் லூயி குங்கெல் என்பவருடைய குழுவினர் இப்புரதத்தை அடையாளங் கண்டதன் பயனாக, இன்று நோயைச் சோதித்து உறுதி செய்யலாம். கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்னும் மையம் இதற்கென்றே உழைத்து வந்திருக்கிறது. சோதனை நல்லதே. குழந்தையைப் பேணுவதற்கு அது விளக்காக இருக்கட்டும். கருவிலேயே அழிப்பதற்கு வாளாக வேண்டாம்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், சரீரத்தின் பலவீனமான அவயவங்களே மிகவும் அவசியமானவை என்று போதிக்கிறார். நம் பங்கும் ஒரு சரீரமே. அண்டை வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், வரும் ஞாயிறன்று இருவர் போய் அவனைத் தூக்கி வாருங்கள். படியோரம் நாற்காலி ஏறச் சாய்தளம் ஒன்று கட்டுவதற்கும் கூடிப் பேசுங்கள். அவனுடைய தாயை எல்லோர்முன்பாகவும் மரியாதையோடு வாழ்த்துங்கள்.