இன்மைக்குச் சான்று எது?

ஒரு பொருள் ஓர் இடத்தில் இல்லை என்பதை மனிதன் எந்த வழியால் அறிகிறான் என்பது இந்தியத் தத்துவ மரபின் பழைய வழக்குகளுள் ஒன்று. தரையில் குடம் இருப்பதைக் கண் காட்டுகிறது. குடம் இல்லாததை எது காட்டுகிறது? அதையும் அதே கண்தான் காட்டுகிறது என்றனர் நியாய மரபினர். வெறுந்தரையைக் காணும்போதே குடத்தின் இன்மை அத்தரைக்கு அடையாக நின்று காட்சிக்கு உள்ளாகிறது என்பது அவர்கள் கொள்கை. குமாரிலபட்டரைப் பின்பற்றிய பாட்ட மீமாம்சகரோ, புலன் உள்ள பொருளோடு மட்டுமே தொடர்பு கொள்ளும் என்பதால், காணாமை தனக்கெனத் தனியொரு அளவையாகும், அதாவது மெய்யறிவைத் தரும் தனிக் கருவியாகும் என்று வாதிட்டு, அதை அனுபலப்தி என்றனர். அத்வைதிகளும் அதை ஆறாவது அளவையாக ஏற்றுக்கொண்டனர். தமிழ் நூல்களும் இவ்வழக்கை அறியும்: மணிமேகலையில் சமயக் கணக்கர் கூறும் அளவைகளின் வரிசையில் இன்மை எனப் பொருள்படும் அபாவம் இடம்பெறுகிறது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவஞான சித்தியார் அபாவம் உட்பட அளவைகள் பத்தையும் எண்ணிக் காட்டிவிட்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது.

மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் முதல்வராக இருந்தவரும் பின்னர் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவருமான எஸ். குப்புசாமி சாஸ்திரி, அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தை அடியொற்றி ஆங்கிலத்தில் எழுதிய இந்தியத் தர்க்க அறிமுக நூல் 1932இல் சென்னையில் வெளிவந்தது. மறு ஆண்டே, பாட்ட மீமாம்சையை விளக்கும் மானமேயோதயம், சி. குன்ஹன் ராஜா, எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி ஆகியோரின் பதிப்பாகவும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் அடையாறிலிருந்து வந்தது. இன்மையைப் பற்றி நேரெதிர்க் கொள்கைகள் கொண்ட இரு மரபுகளின் கையேடுகள் ஓராண்டு இடைவெளியில் ஒரே நகரத்து வாசகர் கைக்குக் கிடைத்தன. ஆனால் இரு மரபிலும் வாதம் பெரும்பாலும் குடத்தையும் தரையையும் சுற்றியே நடக்கிறது. வெறுந்தரையில் குடம் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதால் இந்த எடுத்துக்காட்டு வாதிகளுக்குச் சற்று அளவுக்கு மீறியே உதவுகிறது எனலாம். அங்கே இருந்தும் புலப்படாத பொருளை வைத்துச் சோதித்தால்தான் கொள்கையின் வலிமை தெரியும். பழைய கார் எஞ்சினில் ஏற்படும் ஏர் லீக் அத்தகைய பொருள்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2010இல் புதிய மாசு விதிகளோடு சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விற்பனை நின்றுபோன மாருதி 800இன் கார்புரேட்டர் காலத்து வண்டிகளோ, அவற்றுக்கும் மூத்த பிரீமியர் பத்மினியோ ஐடிலிங்கில் நிற்கும்போது, கார்புரேட்டரின் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் கீழிறங்குவதால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. நல்ல எஞ்சினில் வேக்யூம் கேஜின் முள் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்கும். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை; 1643இல் டோரிசெல்லியின் பாதரசக் குழாய் காட்டியபடி, வெளிக் காற்றின் எடையே உள்ளே தள்ளுகிறது. ஆகவே இந்தக் கசிவில் எதுவும் வெளியே சொட்டுவதில்லை, கறை படிவதில்லை. வெப்பத்தில் இறுகி வெடித்த ரப்பர் ஓஸ், கார்புரேட்டர் அடியில் தளர்ந்த கேஸ்கெட், டிஸ்டிரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் யூனிட்டில் கிழிந்த டயாஃபிரம், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குச் செல்லும் குழாய் என ஏதோ ஒரு வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் குலைந்து, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, எஞ்சின் அணைந்தும் போகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால், திராட்டில் வழியே வரும் பெருங்காற்றின் முன் கசிவின் பங்கு சிறிதாகிவிடுவதால், கோளாறு மறைந்ததுபோல் தோன்றுகிறது.

இங்கேதான் இரு மரபினரும் ஒருமித்து வைத்த ஒரு நிபந்தனை தன் முழுப் பொருளையும் காட்டுகிறது. காணாமை இன்மையை நிறுவ வேண்டுமானால், அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற தகுதி இருக்க வேண்டும்; இதை யோக்கியதை என்பர். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்ல உரிமையற்றவன். தியாகராய நகர் உஸ்மான் சாலையோரம், பேருந்து ஹாரன்களுக்கு நடுவே பானட்டைத் திறந்து காது கொடுத்துவிட்டு, ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கவில்லை, எனவே லீக் இல்லை என்று சொல்லும் மெக்கானிக்கும் அதே நிலையில் இருக்கிறார். நல்ல மெக்கானிக் செய்வது வேறு. ஒரு குழாயின் முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துகிறார். கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு ஓரிடத்தில் தெளித்து, எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று கவனித்து, மாறாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகிறார் (சூடான எஞ்சின் மேல் இது தீப்பிடிக்கும் அபாயமுள்ள வேலை என்பதால் சோப்புத் தண்ணீரை விரும்புவோரும் உண்டு). பூஸ்டர் குழாயை நெரித்துப் பிடித்ததும் ஐடிலிங் சீரானால் கோளாறு அந்தப் பக்கம் என்று தெளிகிறார். அவர் கசிவைத் தேடுகிறார் என்பது பாதி உண்மையே; கசிவு இருந்தால் வெளிப்பட்டே தீரவேண்டிய சூழலை ஒவ்வோர் இடத்திலும் உண்டாக்குகிறார் என்பதே சரி. வசதியுள்ள பட்டறைகளில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கிறார்கள். மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை ஊகித்த தர்க்க நூல்களுக்கு இந்தப் புகை சற்று வியப்பளிக்கும்.

பாட்டர்கள் தங்கள் தரப்புக்குக் காட்டும் வலுவான சான்று ஒன்றுண்டு: காலையில் ஓரிடத்தைக் கண்டவனிடம், அவன் அங்கிருந்து அகன்ற பிறகு, இன்னார் அங்கே இருந்தாரா என்று கேட்டால், அதுவரை நினைத்தே பார்க்காத அவன், இல்லை என்று அப்போதுதான் அறிகிறான், அந்த நேரத்தில் கண்ணுக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை. மாலையில் வண்டிக்காரர் கேட்கும்போது, மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஒன்றுமில்லை என்று மெக்கானிக் சொல்வதும் இவ்வகையானதே. இவ்விடத்தில் பாட்டர் பக்கமே வலுவுள்ளதாகத் தோன்றுகிறது. எனினும் காலையில் அந்தக் கேஸ்கெட்டைச் சோதித்த முறை தகுதியுடையதாக இருந்திருந்தால்தான் மாலைச் சொல்லுக்கு மதிப்பு.

நியாய மரபினரான உதயணர், நியாயகுசுமாஞ்சலி என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இதே நிபந்தனையைக் கொண்டுதான் கடவுள் மறுப்பை எதிர்கொள்கிறார். ஈசுவரன் காணப்படவில்லை, எனவே இல்லை என்ற வாதம், காணத்தக்க பொருளுக்கே பொருந்தும். காட்சிக்குத் தகுதியற்ற ஒன்றைக் காணாமை எதையும் நிறுவாது. அப்படியானால் முயற்கொம்பையும் மறுக்க முடியாதே என்ற தடைக்கு, கொம்பு இயல்பிலேயே காணத்தக்கது, ஆகவே அதன் காணாமை அதன் இன்மைக்குச் சான்றாகும் என்பது விடை. விடை நுட்பமானதுதான். ஆனால் அது மறுப்பைத் தடுக்கிறதே தவிர, இருப்பை நிறுவவில்லை. எந்தச் சோதனையிலும் வெளிப்படாத லீக் ஒன்று இருக்கலாம் என்பதற்காக யாரும் கேஸ்கெட் மாற்றுவதில்லை. முள் ஆடினால்தான் மாற்றுகிறார்கள். உதயணரும் இதை அறிந்தவராதலால், உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்ற அனுமானத்தை வேறிடத்தில் தனியே எழுப்புகிறார்.

அந்த அனுமானத்தை மறுத்தவர்களுள் முக்கியமான ஒருவர் நாத்திகர் அல்லர். இன்று கார்த் தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர். பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய உரையில், உலகம் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் ஆக்கப்பட்டது என்று அனுமானத்தால் காட்ட முடியாது, பல காலங்களில் பலர் ஆக்கியதாகவும் இருக்கலாம், மேலும் நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடலும் குறைந்த அறிவும் உடையவர்களே என்று அவர் அடுக்குகிறார். வேக்யூம் கேஜும் இவ்வளவே சொல்லும்: காற்று எங்கோ நுழைகிறது என்பதை, அதுவும் வால்வும் இக்னிஷன் டைமிங்கும் சரியாக இருந்தால் மட்டும். ஓட்டை ஒன்றா மூன்றா என்று முள் சொல்லாது. பழைய வண்டியில் ஒரே வயதுடைய ரப்பர்கள் சேர்ந்தே வெடிப்பதால், மூன்றாக இருப்பதும் உண்டு.

ஒன்று போதுமான இடத்தில் பலவற்றைக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற லாகவ நியாயத்தால், அதாவது சிக்கன விதியால், நையாயிகர் எனப்படும் நியாய மரபினர் இதற்கு விடையிறுத்தனர். பட்டறையிலும் அந்த விதி உண்டு. ஆனால் அது எங்கே முதலில் தேடுவது என்பதற்கான விதி. முதல் ஓட்டையை அடைத்த பின் கேஜை மறுபடியும் பார்த்தே ஆகவேண்டும். உலக விஷயத்தில் அப்படி மறுபடி பார்க்க இடமில்லை. இராமானுஜர் அனுமானத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, பிரம்மத்தை அறிய வேதம் ஒன்றே அளவை என்று கொண்டார். நையாயிகரோ, எண்ணிச் சரிபார்க்க முடியாத இடத்திலும் சிக்கன விதி செல்லும் என்பதைத் தனியே நிறுவ வேண்டியவராகிறார்.