ஓடைக்கரையில் கை வைக்காதீர்கள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களே, ஜேசிபிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீலகிரி ஓடைகளில் வாழும் மரத்தவளை ஒன்றை 1853இல் ஜெர்டன் என்ற மருத்துவர் உலகுக்கு அறிவித்தார். அதன் உறவுமுறை ஒன்றரை நூற்றாண்டு தெளிவாகவில்லை. 2008இல் எஸ்.டி. பிஜுவும் சக ஆய்வாளர்களும் மரபணுவை ஒப்பிட்டார்கள். எந்தப் பேரினத்தோடும் அது ஒட்டவில்லை. 'காட்டிக்ஸாலஸ்' என்ற புதுப் பேரினத்தையே வகுக்க வேண்டியதாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது, கண்ணுக்குள் நட்சத்திரம்போல் கோடுகள் விரியும் வேறொரு இனம் என்பதும் அதே ஆய்வில் வெளிவந்தது. 2015இல் இடுக்கி மலைகளிலிருந்து மூன்றாவது இனமும் சேர்ந்தது.

இங்கே அழிந்தால் அங்கே இருக்கிறதே என்று சொல்ல நமக்கு வழியில்லை. குளிர்மலைத் தவளையால் கணவாயின் முப்பது கிலோமீட்டர் வெக்கையைத் தாண்டி வர முடியாது. நீலகிரியில் தொலைந்ததைக் கொடைக்கானல் ஈடுகட்டாது.

மழைக்காலத்தில் ஓடையோரம் வெள்ளை நுரை உருண்டை தெரிந்தால், சோப்பு நுரை என்று குச்சியால் தள்ளிவிடாதீர்கள். தவளை தன் உடல் சுரப்பைக் கால்களால் கடைந்து கட்டிய கூடு அது. மேல்புறம் காய்ந்தாலும் உள்ளே முட்டைகள் ஈரமாகவே இருக்கும். பொரித்த தலைப்பிரட்டைகள் ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் வளர வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருந்தும் கரையில் செடியும் நிழலும் இல்லையென்றால் கூடு வெயிலில் வறண்டுபோகும். கரையை நன்றாக வைத்துக்கொண்டு தண்ணீரில் பூச்சிமருந்தைக் கலந்தாலும் குஞ்சுகள் சாகும். இரண்டையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

கேரட் போட இன்னும் நாலு வரிசை கிடைக்கும் என்று கரைப் புதரை வெட்டாதீர்கள். மருந்தடிக்கும் கேனை ஓடையில் அலசாதீர்கள். காட்டேஜுக்கு அழகு என்று கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பாதீர்கள். அந்த அழகைப் பார்க்கத்தான் விருந்தினர் வருகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. சுற்றுலா வருபவர்களே, தலைப்பிரட்டையைப் பாட்டிலில் பிடித்து வேறு மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நோயும் கூடவே போகும்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள், செப்டிக் டேங்க்கிலிருந்து ஓடைக்குப் போகும் குழாயை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். பருவமழை வருவதற்குள் கரையோரம் மறுபடி புதர் வளரட்டும்.